நான் என்று வருகிறது

கூத்தாநல்லூர் கடைத்தெரு மாடியில்
ஃபேன் நின்றுபோன அறை.
மடிக்கணினியில் பதினோரு சதவீதம் மிச்சம்.
பாசனக் கோட்டத்துக்கு ஒரு பக்கம் எழுதுகிறேன்,
அலையைச் சொன்னால் ஆழத்தைச் சொல்லும் பக்கம்.

கோல் நட்டால் சேறு பாதியை விழுங்கிவிடும்
வாய்க்கால்கள் அவை.
அதனால் கோல் வேண்டாம், பலகை போதும்.
தண்ணீரில் தட்டு.
முகட்டுக்கு முகடு எத்தனை முழம்?
பத்து முகடு கடக்க எத்தனை நொடி?
இரண்டு கட்டம், ஒரு பொத்தான்.

ஆழத்திலிருந்து அலைக்குப் போகும் பாதை டான்ஹெச்.
அலையிலிருந்து ஆழத்துக்குத் திரும்பும் பாதை ஏடான்ஹெச்.
அதை நான் வெட்ட வேண்டியதில்லை.
ஜாவாஸ்கிரிப்டின் வயிற்றிலேயே இருக்கிறது.
மேத் என்று கூப்பிட்டு, புள்ளி வைத்து,
பெயரைச் சொன்னால் எழுந்து வரும்.

பூஜ்யம் புள்ளி எட்டு இரண்டு கொடுத்தேன்.
ஒரு சாண் தண்ணீர் என்றது.
ஒன்றை நெருங்க நெருங்க
ஆழ்ந்துகொண்டே போனது.
சரியாக ஒன்று கொடுத்தேன்.
முடிவிலி.
கோரையாறு பாதாளம் வரை போய்விடவில்லை,
அந்த அலையின் கால் தரைக்கு எட்டவில்லை,
அவ்வளவுதான்.

ஒன்றைத் தாண்டினால் விடையே கிடையாது.
அதற்கும் ஒரு வரி எழுதி வைத்திருந்தேன்:
எண் வராவிட்டால் பூஜ்யம் காட்டு.
ஏற்றுவதற்குள் கரண்ட் போய்
மோடம் கண்ணை மூடிக்கொண்டது.

அப்போதுதான் போன்.
லஸ்கர் வைரக்கண்ணு, ஜாம்புவானோடைப் பக்கமிருந்து.
"சுலைகாம்மா, ஆழம் கேட்டா
நான்னு வருது."
என்ன வருது?
"என், ஏ, என். நான்.
நாலு தடவை தட்டிட்டேன்.
யாருன்னு கேட்ட மாதிரி
நாலு தடவையும் நான், நான்ங்குது."

அவர் சொன்ன கணக்கைத் தாளில் போட்டேன்.
ஒன்று புள்ளி பூஜ்யம் ஏழு.
இந்த நீளத்து அலை
அடியில்லாத கடலில்கூட இப்படித் துள்ளாது.
முழத்தை மீட்டராக்கிய வரியைப் பார்த்தேன்.
பையைப் பார்த்தேன், வர்க்கத்தைப் பார்த்தேன்.
எல்லாம் அதனதன் இடத்தில்.

நொடியைச் சரியா எண்ணுனீங்களா அண்ணே?
"எட்டரைதாம்மா. நிக்க மாட்டேங்குதே,
முகட்டையும் சேத்து இழுத்துக்கிட்டுக்
கிழக்கே ஓடுது."
எது ஓடுது?
"தண்ணிதான். ராத்திரி வந்துருச்சுல்ல.
ஒங்களுக்கு யாரும் சொல்லலியா?"

யாரும் சொல்லவில்லை.
கடைமடை என்றதும் என் கைக்கு வந்தது
நின்ற நீரின் சூத்திரம்.
அலையை முதுகில் சுமந்து ஓடும் நீருக்கு
அதில் ஓர் எழுத்துகூட இல்லை.
கரண்ட் மட்டும் நின்றிருக்காவிட்டால்
ஆடி நாலாம் தேதி, ஒன்பதாம் கிளை,
தண்ணீர் வந்த அன்றே
பூஜ்யம் என்று பதிவாகியிருக்கும்.

அந்த வரியை அழித்தேன்.
மூன்றாவதாக ஒரு கட்டம் வேண்டும், வேகத்துக்கு.
அண்ணே, பத்தடி அளந்துக்கிட்டு
ஒரு வைக்கோலைப் போடுங்க,
எத்தனை நொடியில கடக்குதுன்னு சொல்லுங்க.
"நாத்தே விடல, வைக்கோலுக்கு எங்க போக?
செருப்பப் போடவா?"
போடுங்க.

போனில் கொஞ்ச நேரம் தண்ணீர் மட்டும் பேசியது.
ஒன்பது சதவீதம்.
பிறகு தடதடவென்று யாரோ கரையில் ஓடும் சத்தம்,
மூச்சு வாங்க ஒரு குரல்:
"எண்ண மறந்துட்டேம்மா.
செருப்பு போயிருச்சு."