வலது கை உறை

கிளாஸ்கோவில் கப்பல் ஏறும்போது
பெட்டியில் பன்னிரண்டு கண்டு கம்பளி நூல்,
சாயம் ஏறாத பழுப்பு, எங்கள் ஆடுகளின் நிறம்.
ஷெட்லாந்தில் நாங்கள் நடந்துகொண்டே பின்னுவோம்,
முதுகில் எருக்கரிக் கூடை இருந்தாலும்
கைகளுக்கு ஓய்வில்லை.

லௌரிக்கு எழுதத் தெரியாது.
ஒட்டாகோ பொன்வயல்களிலிருந்து
மூன்று வருடத்தில் ஐந்து கடிதம்,
ஷில்லிங் வாங்கிக்கொண்டு எழுதும் யாரோ ஒருவனின்
கொடிபோல் சுழித்த எழுத்து.
'என் அன்பிற்குரிய ஓஸ்லா' என்று தொடங்கும்.
லௌரி என்னை 'ஏய்' என்றுதான் கூப்பிடுவான்.
கடைசியில் இருக்கும் சிலுவைக் குறி மட்டும் அவனுடையது.
பிந்திய இரண்டு கடிதங்களில்
அது ஒரு பக்கம் சரிந்திருந்தது.
குளிர் என்றேன் நான்.
குடி என்றாள் அவன் அக்கா.

நாற்பதாம் பாகைக்குத் தெற்கே
காற்றை மறிக்க ஒரு கல்கூட இல்லை.
விளக்கை அணைக்கச் சொன்னார்கள்.
தலைக்கு மேலே மூடிகளில் ஆணி இறங்கியது.
இரண்டு இரவு, நடுவில் இருந்த பகலும் இரவுதான்.
பெட்டிகள் ஓடின. வாளி கவிழ்ந்தது.
யாருடைய பல்லோ என் தோளில் இடித்தது.
பக்கத்துத் தட்டில் ஹைலண்ட்காரி மோராக்
எனக்குப் புரியாத மொழியில் வேண்டிக்கொண்டிருந்தாள்,
அதில் குழந்தையின் பெயர் மட்டும் புரிந்தது.

நான் பின்னினேன்.
பதினாறு, பதினேழு,
கப்பல் சாயும்,
மறுபடி ஒன்று.
கடலுக்கும் என் முழங்காலுக்கும் நடுவே
மூன்றங்குலப் பலகை.
அதைச் செதுக்கியவன் அன்று
யாருடனும் சண்டை போடாமல் வேலைக்கு வந்திருக்க வேண்டும்
என்று வேண்டிக்கொண்டேன்.

மூடியைத் திறந்தபோது
வெளிச்சம் குளிர்ந்த தண்ணீர்போல் விழுந்தது.
மோராக் மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை.
பாய்த்துணியில் வைத்துத் தைக்கும் முன்
சூடாக ஏதாவது இருக்கிறதா என்று சைகையில் கேட்டாள்.
முடிந்திருந்தது இடது கை உறை ஒன்றுதான்.
அதற்குள்
இரண்டு பாதங்களும் அடங்கின.

வலது கையைப் பின்னி முடித்தேன்.
நூல் மீதமிருந்தது.
இன்னொரு இடது கையைத் தொடங்க
ஊசி எடுப்பேன், வைத்துவிடுவேன்.

தொண்ணூற்றெட்டாம் நாள் போர்ட் சாமர்ஸ்.
துறையில் தாடிகள். எல்லாம் ஒரே மாதிரி.
அவற்றில் ஒன்று வாய் திறந்தது:
'ஏய்.'

பெட்டியை வாங்க அவன் நீட்டிய வலது கையில்
மோதிர விரலும் சுண்டு விரலும் இல்லை.
'பாறை' என்றான்.
கொஞ்ச நேரம் கழித்து,
இதுவரை தோண்டிய பொன்
அந்த இரண்டின் எடைகூட வராது என்றான்.

சணல் மூட்டைமேல் உட்கார்ந்தேன்.
இரண்டு விரல்களைப் பிரித்தேன்.
பதினாறு கண்ணிகளை ஊசியில் ஏற்றி
கணுவருகே மூடி முடிச்சிட்டேன்.
உதிர்ந்த நூல் சுருண்டே கிடந்தது,
நீவினாலும் நிமிரவில்லை.

மாட்டிப் பார்த்தான். சரியாக இருந்தது.
'இன்னொன்று எங்கே?'

'நட' என்றேன்.
'போகும்போது சொல்கிறேன்.'