படம் இருந்தால்

மூன்றாம் நாளும் அவளே எடுத்தாள்,
புலிபாய்ந்தகல்லிலிருந்து, யோகநிதி.
"இருந்தால் போடுங்கோ எண்டுதானே புள்ள எழுதியிருக்கு.
எங்கிட்ட இல்ல. பிறகேன் போக விடுதில்ல?"

கல்லடியில், அச்சகத்துக்கு மேலே ஓர் அறை.
அந்தப் படிவத்தை எழுதியவள் நான்தான்.
பெயர், அடையாள அட்டை இலக்கம், எத்தனை ஏக்கர்,
வெள்ளத்தில் போனது எவ்வளவு,
கடைசியில் ஒரு பெட்டி:
படம் (இருந்தால்).
அடைப்புக்குறிக்குள் இருந்த சொல்லை
அவள் வாசித்தாள்.
சேர்வர் வாசிக்கவில்லை.

வெறும் பெட்டி வெறுமையாய் வருவதில்லை.
பெயரில்லாத கோப்பு என்று வந்து நிற்கிறது,
அளவு பூச்சியம், வகை தெரியாது.
என் நிரல் அதைப் பிடித்து உலுக்குகிறது:
நீ ஜேபெக்கா, பிஎன்ஜியா?
பதில் இல்லாததால் சிவப்பில் எழுதுகிறது,
செல்லுபடியாகாத கோப்பு.

"வான்கதவு திறந்த அண்டைக்கு
போனும் வயலும் ஒண்டாத்தான் போச்சு.
இது தம்பிட பொண்டாட்டிட போன்.
இப்ப எடுத்தா தண்ணிதான் தெரியும்.
தண்ணிய எடுத்து அனுப்பட்டா?"

அப்படியானால் மற்றவர்கள் எப்படிப் போனார்கள்?
பதிவுகளைத் திறந்தேன்.
இருநூற்றுப் பதினாறு படங்கள்.
வயல் சில, சேற்றில் படுத்த கதிர் சில.
பிறகு ஒரு மின்விசிறி.
நகம் வெட்டாத பெருவிரல்.
பால்மா பைக்கற்றின் பின்பக்கம்.
யாருடையதோ ஓர் ஆடு, நேரே என்னைப் பார்த்தபடி.
முழுக் கறுப்பு, பன்னிரண்டு பேரிடமிருந்து.
எல்லாம் சரியான வகை, இரண்டு எம்பிக்குள்.
ஆட்டுக்கும் சரி போட்டிருந்தது என் நிரல்.
ஒன்றுமில்லை என்று உள்ளதைச் சொன்னவளைத்தான்
வாசலில் நிறுத்தியிருந்தது.

"பேசாம கட்டாயமாக்கிரு, சண்டை முடியும்" என்றான் ஹம்தூன்,
தேத்தண்ணிக்குப் படி இறங்கிக்கொண்டே.
அல்லது பெட்டியையே கழற்று என்றான்.
கதிரைப் படமெடுத்தவன் எங்கே போவான்?

முதலில் கேள், ஏதும் வந்திருக்கிறதா.
வரவில்லையா, வழி விடு, பேசாதே.
வந்ததென்றால் மட்டும்
வகை பார், அளவு பார்,
பெயரின் வாலை நம்பாமல் உள்ளே திறந்து பார்.
இடையில் புகுந்தது ஒரேயொரு வரி.
அதற்கு மூன்று நாள்.

நாலு நாற்பதுக்கு ஏற்றினேன்.
நாலு ஐம்பத்திரண்டுக்கு ஒரு விண்ணப்பம்,
இரண்டேகால் ஏக்கர், பெரும்போகம், முழுவதும்.
படம் என்ற இடத்தில் ஒன்றுமில்லை.
அப்படியே வாங்கிக்கொண்டது.

இருநூற்றுப் பதினாறையும் அழிக்கவா என்று
ஹம்தூன் கேட்கிறான்.
அந்தப் பொய்களில் பாதி என்னுடையவை,
இன்னும் பதில் சொல்லவில்லை.

ஐந்துக்கு மறுபடி அழைப்பு.
"அமத்தினன். வெள்ளையா வந்து நிக்குது.
போயிட்டா புள்ள,
இல்லாட்டி இதுவும் தண்ணியோட போச்சா?"

கிடைத்தது என்று சொல்ல
ஒரு வரி நான் எழுதியிருக்கவேயில்லை.