நூற்றுக்கு மூன்று

சடையங்குப்பத்தில் எங்கள் குளங்களுக்குப் பின்னால்
இரவெல்லாம் எரிகிறது ஆலையின் நெருப்பு.
பாதி விளக்கு மிச்சம் என்பார் பாஸ்கோ சார்.
அந்த வெளிச்சத்தில்தான்
தாய் ஜிலேபியின் கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் தாழ்த்தி
பேசினுக்குள் ஓர் உலுக்கு.
மஞ்சள் மஞ்சளாய்
ஊறிய கடுகுபோல் கொட்டும், முந்நூறு முட்டை.
ஐந்து நாளாய் ஒன்றும் தின்னாத வாய்
மூடத் தெரியாமல் கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும்.
அதற்குள் அடுத்த மீனைப் பிடித்துவிடுவேன்.

பொரிந்த குஞ்சுக்கு முதல் தீனியிலிருந்தே மருந்து.
ஸ்பிரிட்டில் கரைத்து, மீன்தூளில் தெளித்து,
நிழலில் உலர்த்தியது.
நாளுக்கு ஐந்து வேளை, இருபத்தெட்டு நாள்.
பெண்ணாக இருந்தவை
அது என்னவென்று தெரியும் முன்பே
ஆணாகி நீந்தும்.
பெண் வளர்ந்தால் முட்டையிலேயே உடம்பைச் செலவழிக்கும்,
ஆண்தான் எடை ஏறும்.
ஆறு மாதத்தில் கிலோவுக்கு இரண்டு நின்றால்
காசிமேட்டு வியாபாரி வண்டியோடு வருவார்.

உள்ளங்கை நீளம் ஆனதும் சோதனை. குளத்துக்கு நூறு.
வயிற்றைத் திருப்பி ஒரு சொட்டு நீல மை தடவினால்
இரண்டு துளையா மூன்றா என்று தெரியும்.
மூன்றென்றால் சிவப்பு வாளி.
தேர்தல் மை ஒரு விரலில்தான்,
எனக்கு மூன்று விரலில், வருஷம் முழுக்க.

அந்த விரல்களோடுதான் போனேன்
நாத்தனார் ஏகவல்லிக்குத் துணையாக,
தண்டையார்பேட்டை ஸ்கேன் சென்டருக்கு.
சுவரில் பெரிய எழுத்து:
ஆணா பெண்ணா என்று கேட்பதும் குற்றம்,
சொல்வதும் குற்றம்.
அடக்க முடியாமல் வெளியே வந்து
ஜூஸ் கடை ஓரம் நின்று சிரித்தேன்.
சொல்வதற்குத்தானே எனக்கு நாளுக்கு அறுநூறு.
என்னடி, என்றாள் ஏகவல்லி.
இரண்டு பெண்ணுக்குப் பிறகு இது மூன்றாவது.
மாமியார் இப்போதே பெயர் எடுத்துவிட்டாராம்,
ஒரே ஒரு பெயர்.
ஒன்றுமில்லை என்றேன்.

கார்த்திகை அடைமழை ஓய்ந்த மறுநாள்
நாலாம் குளத்தில் வலை இழுத்தோம்.
முழுக்க ஆண் என்று நானே எழுதிக் கொடுத்த குளம்.
சாம்பல் முதுகுகளின் துள்ளலுக்கு நடுவே
ஒன்று மட்டும் சின்னதாய்,
தொண்டை உப்பி, வாயைத் திறக்க மாட்டேன் என்றது.
மை தேவைப்படவில்லை.

வாளியில் விட்டுக் குனிந்து நின்றேன்.
நான் அசையாமல் இருக்கவே
மெல்ல வாய் திறந்தது.
கண் மட்டுமே ஆன குஞ்சுகள்
புகைபோல் வெளியே வந்தன.
என் கை நிழல் விழுந்ததும்
அத்தனையும் திரும்பி அந்த வாய்க்குள்.

ஆற்றில் விடக்கூடாது, எனக்குத் தெரியும்.
ஜிலேபி நுழைந்த தண்ணீரில்
கெளுத்தி தேடிப் பார்த்திருக்கிறேன்.
குளத்தில் விட்டால் குளம் கெட்டது.
தரையில் கொட்டினால் காக்கை காத்திருக்கிறது,
முதலிலேயே வந்து.

எத்தனைம்மா, என்று கரையிலிருந்து கேட்டார் பாஸ்கோ சார்.
நூற்றுக்கு மூன்று தப்பும் சார், என்றேன்.
அது வழக்கம்தான், என்று எழுதிக்கொண்டார்.

வாளி கனமாக இல்லை.
ஆனாலும் இரண்டு கையாலும் தூக்கினேன்.
எங்கே கவிழ்த்தேன் என்று
ஏகவல்லியிடம்கூடச் சொல்லவில்லை.