பதினோரு துளை

எங்கள் ஊரில் 'போடா' என்று கத்தினால்
பத்துப் பேர் வண்டியோடு வந்து நிற்போம்.
அன்று முந்திக்கொண்டது நான்.
ம்பாலே மணிக்கூண்டில் இறங்கிய நர்ஸம்மா
பாவாடை நுனியை முகர்ந்து பார்த்து,
"மபோங்கா, உன் வண்டி ஒன்றுக்குப் போகிறது" என்றாள்.
சிரித்துக்கொண்டே காசை வாங்கினேன்.
பிறகுதான் குனிந்து பார்த்தேன்.

டாங்க்கின் அடிவயிற்றில்
விழலாமா வேண்டாமா என்று
ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது.
விழுந்தது.
இன்ஜின் சூட்டில் பட்டு இல்லாமல் போனது.
எத்தனை ஷில்லிங் இருக்கும் என்று
கணக்குப் போடுவதற்குள் அடுத்தது.

துணி துவைக்கிற நீலச் சோப்பை
அழுத்தித் தேய்த்தால் நிற்கும் என்றார்கள்.
நின்றது, ஒன்பது நாள்.
பத்தாம் நாள் வனாலே மலையிலிருந்து மழை இறங்கியது.
சோப்பு நுரைத்துக் கரைந்து
என் முழங்கால் இரண்டும் வெளுத்தன.

வண்டி இன்னும் என்னுடையதில்லை.
முப்பத்தொரு திங்கட்கிழமை பாக்கி.
இதுவரை கட்டியதற்கு
முன்சக்கரமும் பாதி சீட்டும் எனக்கு வந்திருக்கலாம்.
டாங்க் அவர்களுடையது,
ஓட்டை மட்டும் முழுக்க என்னுடையது.

ஜன்னல் கிரில் செய்கிற நம்போஸோவிடம் கொண்டுபோனேன்.
"பெட்ரோல்?"
"சொட்டு விடாமல் வடித்துவிட்டேன். சுத்தமாகக் காலி."
அவள் மூன்றடி பின்னால் போனாள்.
"நிறைந்த டாங்க் எரியும், ஓடித் தப்பிக்கலாம்.
காலி டாங்க் வெடிக்கும்.
நான் தகரத்தைப் பற்றவைக்கிறவள்,
தெருவையே பற்றவைக்கிறவள் இல்லை.
போய்த் தண்ணீர் கொண்டு வா."

மூன்று முறை நிரப்பினேன், மூன்று முறை கவிழ்த்தேன்.
பிறகு ஒரு பிடி நெட்டும்
அறுந்த செயின் துண்டும் உள்ளே போட்டு
"குலுக்கு" என்று கொடுத்தாள்.
வயிற்றுவலிப் பிள்ளையைத் தோளில் போட்டது மாதிரி
இரண்டு மணிநேரம் குலுக்கினேன்.
தேநீர் நிறத்தில் துரு வந்தது,
வந்துகொண்டே இருந்தது.

இருட்டியதும் கரண்ட் போனது.
செல்போன் விளக்கை டாங்க்கின் வாயில் வைத்தாள்.
அடியில்
ஒன்று, இரண்டு, ஐந்து,
எண்ணி முடிக்கும்போது பதினொன்று.

"ஒரு ஓட்டையோடு வந்தேன்."
"நான் போடவில்லை. இதுவரை
துருதான் அடைத்துக்கொண்டிருந்தது."
துளைக்கு இரண்டாயிரம் என்றாள்.
"இந்த மூன்றும் ஒட்டிக்கொண்டுதானே இருக்கின்றன,
ஒன்றாக வைத்துக்கொள்."
"தாயும் இரண்டு பிள்ளைகளும் ஒட்டி உட்கார்ந்தால்
நீ ஒரு ஆளுக்கா காசு வாங்குகிறாய்?"

நான் வாயைத் திறக்கவில்லை.

கரி அடுப்பில் செம்புக்கோல் பழுத்தது.
டாங்க்கைக் கவிழ்த்துக் கிடத்தி, மூடியை இறுக்கி,
துளைக்கு இரண்டு விரல் கீழே வரை தண்ணீர் விட்டாள்.
நவச்சாரம் புகைந்து கண்ணைக் கரித்தது.
ஈயம் ஒரு கணம் முரண்டு பிடித்து உருண்டது,
பிறகு சட்டென்று பணிந்து
இரும்போடு ஒட்டிப் படுத்தது.
அவள் மூச்சைப் பிடித்திருந்தாள்.
நானும்தான், ஏனென்று தெரியாமல்.

கையில் பத்தாயிரம் இருந்தது.
மீதிக்கு அவள் மகள் கைன்சாவை
இரண்டு வாரம் பள்ளிக்கூடத்தில் விட ஒப்பந்தம்.

அன்றிரவு அடியெல்லாம் மரவள்ளி மாவு பூசி
வண்டிக்குப் பக்கத்திலேயே படுத்தேன்.
நனைந்தால் கறுத்துக் காட்டிக்கொடுக்கும்.
இரண்டு முறை எழுந்து தீக்குச்சியைத் தேடி
இரண்டு முறையும்
என்னையே திட்டிக்கொண்டு படுத்தேன்.
விடிந்தபோது மாவு வெள்ளையாகவே இருந்தது,
ஓரத்தில் எறும்பு தின்ற இடம் தவிர.

கைன்சாவுக்கு ஏழு வயது.
முதல் நாளே புத்தகப்பையோடு குந்தி
டாங்க்கின் அடியைத் தடவினாள்.
"அம்மா பதினொன்று என்றாள். ஒன்பது மேடுதான் இருக்கிறது."

பதினொன்றுதான், ஏறு, என்றேன்.
மூன்று பேர் ஒரே போர்வையில் படுத்திருக்கிறார்கள்.