ஊக்கு

முதல் மாதம் முழுக்க ஒரு பூசணிக்காயைத்தான் எடுத்தேன்.
கொள்முதல் நிலையத்தில் எடைச்சீட்டு எழுதி முடித்து
சாயங்காலம் அதை ஸ்டூலில் உட்கார வைப்பேன்.
மூக்கில்லாத முகம். பொறுமை அதிகம்.
ஜன்னலுக்குக் குறுக்கே நகர்த்த நகர்த்த
நிழல் அதன் வரிகளில் எங்கே இறங்குகிறது
எங்கே தயங்குகிறது என்று பழகினேன்.
ஒருநாள் சாம்பாரில் போட்டுவிட்டோம்.
அதற்குப் பிறகு மனிதர்கள்.

ஜெகபர் அண்ணன் வந்தார், கொரடாச்சேரியில் டயர் கடை,
பதினோரு வருஷம் தம்மாமில் இருந்தவர்.
கேமராவைக் கண்டதும் தோள் நிமிர்ந்தது, வாய் மூடியது,
இரண்டு காதும் தெரியும்படி முகம் திரும்பியது.
பின்னால் வெள்ளைத் துணி இல்லையே என்று கவலைப்பட்டார்.
"சிரிங்க" என்றேன்.
விசா மறுத்த அதிகாரியைப் பார்த்துச் சிரிப்பதுபோல் சிரித்தார்.
"இயல்பா இருங்க" என்றேன்.
ஒரு மனிதருக்கு அதைவிடக் கடுமையான கட்டளை
இட முடியாது என்று அப்போது தெரியாது.
நாற்பது படம். நாற்பதும் பாஸ்போர்ட்.

கேமராவை இறக்கிவிட்டுச் சும்மா கேட்டேன்:
பஞ்சர் எங்கேன்னு எப்படிண்ணே கண்டுபிடிக்கிறீங்க?
ட்யூப்பைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் காட்டினார்.
குனிந்தார்.
முதல் குமிழி வருமுன் இருந்தது பார்,
அந்த முகம்.

அன்றிலிருந்து யாருடைய முகத்துக்கும் நான் உத்தரவு போடுவதில்லை.
கைக்கு வேலை கொடுக்கிறேன்,
முகம் தானே பின்னால் வந்துவிடுகிறது.

வெளிச்சத்தைத் திருப்ப மீன்கடைத் தெர்மகோல்.
எத்தனை கழுவினாலும் மத்தி வாசம்.
புரட்டாசியில்தான் தெரிந்தது, ஊரே தெர்மகோல் என்று.
சம்பாவுக்குத் தண்ணீர் கட்டிய வயலோரம் நிறுத்தினால்
வானம் கீழேயிருந்து வந்து
கண்ணுக்கடியில் இருக்கும் கருப்பைத் தூக்கிவிடுகிறது.
கார்த்திகையில் அதே வரப்பு, அதே ஆள்,
தாடையெல்லாம் பச்சை.
கம்ப்யூட்டரில் பச்சையைப் பத்துப் புள்ளி இறக்கினேன்,
வயல் வாடியது.
ஏற்றினேன், ஆள் பாசி பிடித்தார்.
இடையில் எங்கோ நிறுத்துகிறேன் இப்போது.
எங்கே என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மங்கையர்க்கரசிக்கு மெடிக்கல் ஷாப்பில் வேலை.
ஒரு காலி மாத்திரை அட்டையும் கத்தரியும் கொடுத்து
"மூணு நாளைக்கு, காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு" என்றேன்.
சிரிக்காமல் வெட்டினாள். அவ்வளவுதான், படம் கிடைத்தது.

இரண்டு ராத்திரி அவள் கன்னத்தில் செலவழித்தேன்.
அம்மைத் தழும்பு ஏழு.
எங்கள் ஊர்க் கல்யாண ஆல்பங்களில்
எல்லோரும் ஒரே மைதாவில் பிசைந்தவர்கள்.
எனக்கு அந்தக் கை வேண்டாம்.
தழும்பை மறைத்தேன், திரும்ப வைத்தேன், பாதி வைத்தேன்,
முழுசாக விட்டேன்.
அவள் நிறத்தை அவள் நிறமாகவே விட்டேன்,
விட்டதில் கொஞ்சம் கர்வமும் பட்டேன்.

வந்து பார்த்தாள்.
ஏழு தழும்பையும் தாண்டிப் போனாள்.
தோளில் விரல் வைத்து,
"இந்த ஊக்கை மட்டும் எடுத்துடேன்."

எந்த ஊக்கு?
பெரிதாக்கினேன். இருந்தது.
சேலை மடிப்போரம், லேசாகத் துருவேறி,
ஜாக்கெட் கிழிசலைக் கவ்விக்கொண்டு.
இரண்டு ராத்திரி முகத்திலேயே குடியிருந்தவளுக்கு
ஒரு சாண் கீழே கண் போகவில்லை.

தழும்பு பரவாயில்லையா என்றேன்.
"அது எப்பவும் இருக்கறது. இது அன்னிக்கு அவசரத்துக்குக் குத்தினது."

ஒரே இழுப்பில் போய்விட்டது ஊக்கு.
அந்தத் துணி எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதென்று
இனிப் படத்துக்கே தெரியாது.

மூலக் கோப்பில் அது இன்னும் இருக்கிறது.
நான் எடுத்ததிலேயே நல்ல படம்.
யாருக்கும் காட்டவில்லை, அழிக்கவுமில்லை.
அவளிடம் கேட்க வேண்டும்.
கேட்கத்தான் கடைக்குப் போகிறேன்.
வீட்டில் இப்போது மூன்று தைலம் இருக்கிறது.