பக்கத்துச் சில்லு

என்னை எடுத்ததற்குக் காரணம் என் எடைதான்.
ஐம்பத்தாறு கிலோ, சப்பாத்தோடு.
ஹோட்டல் பின்கதவில்
உருளைக்கிழங்கு மூட்டை இறக்க வந்த ரேட்டோ
மூட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
ஏதோ கேட்டான்.
அப்போது என்னிடம் இருந்த ஜெர்மன் சொல் இரண்டு.
அதில் ஒன்றைக் கொடுத்தேன்: ‘யா.’
‘உனக்குப் பயமா?’ என்றுதான் கேட்டிருக்கிறான்,
மாரியில்தான் விளங்கியது.
நல்ல பதில் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

எண்பத்தாறு. டோக்கன்பூர்க் பள்ளத்தாக்கு.
மாடுகளை வேலிக்கு அப்பால் விரட்டிவிட்டு
சுண்ணாம்புக் கோடு இழுத்த மேய்ச்சல் சரிவு.
மோட்டார் சைக்கிள்தான், ஆனால்
வலப்பக்கம் ஒரு இரும்புத் தட்டு,
தட்டின் ஓரத்தில் மூன்றாவது சில்லு.
அந்தத் தட்டு என்னுடையது.
இருக்கை இல்லை, பிடிக்க இரண்டு குழாய்.
நோர்ட்டன் எஞ்சின், அன்றைக்கே பழசு,
விளக்கெண்ணெய் எரிகிற புகை கக்கும்.
சின்ன வயதில் மூக்கைப் பொத்தி
என் தொண்டையில் ஊற்றிய அதே எண்ணெய்.
இங்கே சனங்கள் கண்ணை மூடி முகர்ந்தார்கள்.

முதல் பாடத்தை நிலம் நடத்தியது.
வலது வளைவில் வெளியே தொங்கு,
புல் இடுப்பில் உரசும்வரை;
தொங்காவிட்டால் தட்டு எழும்பும்,
தட்டு எழும்பினால் வானம் கீழே வரும்.
இடது வளைவில் அவன் முதுகுக்குப் பின்னால் பாய்ந்து
பின்சில்லின் மேல் வயிறு.
ஏற்றத்தில் பின்னுக்குப் போ, சில்லு மண்ணைக் கடிக்கட்டும்.
மேட்டில் பறந்து இறங்கும்போது முழங்கால் மடங்கியிருக்கட்டும்,
நாக்கு உள்ளே இருக்கட்டும்.
நாக்கை மறந்த கிழமை
மூன்று நாள் கஞ்சி குடித்தேன்.

‘ஊசெ’ என்றால் வெளியே. ‘இனெ’ என்றால் உள்ளே.
இரண்டையும் எஞ்சின் தின்றுவிடும்.
ஆகவே அவன் இடது தோளைப் படித்தேன்.
தோள் தாழ்வதற்கு முன்
சட்டைக்குள் ஒரு மூச்சு தாழும்.
அதைப் பிடித்தபிறகு நாங்கள் கவிழ்ந்தது குறைவு.

அகதி அலுவலகப் படிவத்தில் ‘தொழில்’ என்ற கோட்டில்
பாத்திரம் கழுவுதல் என்று எழுதினேன்.
ஞாயிறுகளில்: பாரம்
என்று எழுத இடம் இருந்தது. எழுதவில்லை.

போன ஆவணியில் பழைய வண்டிகளின் ஓட்டம்,
அதே சரிவு, இப்போது ஓரத்தில் சோலர் தகடுகள்.
எனக்கு எழுபத்தொன்பது கிலோ.
அவனுக்கு உலோக இடுப்பு, இரண்டு காதிலும் கருவி.
‘நீ பிடி’ என்று கைப்பிடியைத் தந்துவிட்டுத்
தட்டில் ஏறிக் குந்திக்கொண்டான்.
என்னிடம் மோட்டார் சைக்கிள் லைசென்ஸ்
அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

மெதுவாகத்தான் போனோம். சிறுவர்கள் ஓடியே முந்தினார்கள்.
முதல் வலது வளைவில் அவனைத் தேடினேன்.
அங்கிருந்து ஆள் தெரிவதில்லை.
தலையைத் திருப்பினால் வண்டி திரும்புகிறது.
கைக்குள் கைப்பிடி திடீரென்று இலேசாகும்,
அவ்வளவுதான் பின்னால் இருக்கிறவன்.
ஏழு பருவம் அவன் என்னைக்
கண்ணின் ஓரத்தில் வைத்திருந்தான் என்றல்லவா
நான் நம்பித் தொங்கினேன்.
ஒருமுறைகூடப் பார்த்திருக்க முடியாது.

இரண்டாம் வளைவில் நான் பிந்தினேன்.
அவன் முந்தியே வெளியே போயிருந்தான்,
உலோக இடுப்பும் புல்லுமாக.
வண்டி சொன்னது கேட்டது.

இறங்கியதும் திட்டினான்:
‘உன் தோள் ஒன்றும் சொல்வதில்லை, மரம் மாதிரி இருக்கிறாய்.’
பதில் சொன்னேன். அவனுக்குக் கேட்கவில்லை.
ஒரு காது வெறுமையாக இருந்தது.
தலைக்கவசத்தைக் கழற்றி, பூட்சைக் கழற்றி,
இரண்டு பேரும் சேற்றில் முழங்காலிட்டு
பயறளவு கருவியைத் தேடினோம்,
நான் உழுத சில்லுத்தடத்தில் அவனும்
அவன் தொங்கிய பக்கத்துப் புல்லில் நானும்.
வேலிக்கு அப்பால் மாடுகள்
அசைபோடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தன.