பிசிறு

அம்பத்தூர் எஸ்டேட்டில் எனக்கு வேலை
சட்டையில் பிசிறு வெட்டுவது.
காலர் அடியில், கஃப் ஓரத்தில்,
கடைசிப் பொத்தானின் முதுகில்
எங்கே ஒளிந்தாலும் கண்ணில் பட்டுவிடும்.
மணிக்கு எழுபது உருப்படி.
ஒரு நூல் தப்பினால் சூப்பர்வைசர்
மொத்தக் கட்டையும் என் மேசையில் திருப்பி எறிவார்.

ஆனாலும் ஆடி முழுக்க
சஞ்சித் தூக்கத்தில் நறநறவென்று பல் கடித்ததை
ஏதோ கனவு என்றுதான் விட்டிருந்தேன்.
விரல் சூப்புகிறான் என்று வேப்பெண்ணெய் தடவினேன்.
"ஒரு எடத்துல ஒக்கார மாட்றான், நெளிஞ்சிக்கினே கீறான்"
பால்வாடி ஆயா சொன்னதற்கு
வீட்டுக்கு வந்து முதுகில் ஒன்று வைத்தேன்.
வைத்த அடியை எடுக்க வழியில்லை.

போன வியாழன், ராத்திரி ஒரு மணி, கரண்ட் இல்லை.
சொறிந்து சொறிந்து அழுதான்.
செல்போனை வாயில் கவ்விக்கொண்டு
டார்ச் வெளிச்சத்தில் குப்புறப் போட்டுப் பார்த்தேன்.
வெள்ளையாய், அரை அங்குலம்,
பாபினிலிருந்து அறுந்து விழுந்த மாதிரி.
கை தன்னால் கத்தரியைத் தேடியது.
நூல் நகர்ந்தது.

மண்ணூர்பேட்டை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா
தலை நிமிராமல் எழுதினாள்.
கீரிப்பூச்சி, பயப்படாதே, நிறையப் பிள்ளைங்களுக்கு வரும்.
வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் மாத்திரை.
ரெண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை.
பாய், போர்வை, ஜட்டி வெந்நீரில்.
நகம் ஒட்ட வெட்டணும்.
"கக்கூஸ் எத்தனை வீட்டுக்கு?"
ஆறு வீட்டுக்கு ஒண்ணு என்றேன்.
அப்போதுதான் நிமிர்ந்தாள்.

"எனக்கின்னா பூச்சியா?" என்றான் லோகு.
தட்டுக்குப் பக்கத்தில் மாத்திரையை வைத்துவிட்டு
பேசாமல் நின்றேன்.
கடைசி வாய் சோற்றோடு மென்றான்,
டிவியைப் பார்த்தபடி.

யாரிடமும் சொல்லவில்லை.
சொன்னால் அழுக்குக்காரி என்பார்கள்.
மொட்டைமாடியில் போர்வையை உதறிக்கொண்டிருந்தேன்.
பின்வீட்டு பெனாசிர் பக்கெட்டோடு வந்தவள்
ஆவி பறக்கும் அந்தத் தண்ணீரையே பார்த்தாள்.
அப்புறம் குரலைத் தாழ்த்தி,
"உன் பையனுக்குமா?"

அந்த 'உம்' ஒன்றில்
ஆறு வீட்டுக் கதவும் திறந்தது.

ஞாயிறு சாயங்காலம்
பதினோரு பிள்ளைகள், விரித்த தினத்தாள், ஒரு நகவெட்டி.
நூற்றுப்பத்து விரலையும்
காலர் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
தினத்தாளில் கறுப்புப் பிறைகள் விழுந்துகொண்டேயிருந்தன.

நூற்றொன்பது முடிந்தது.
கீழ்வீட்டு கமலேஷ் மட்டும்
கடைசிக் கட்டைவிரலைக் கொடுக்காமல்
வாயில் வைத்துக்கொண்டு
என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்.